டேப்பில் ஏறாத கல்யாணம்

சித்தூரில் கல்யாண வீடியோக்களை கம்ப்யூட்டரில் எடிட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். சின்ன டிஜிட்டல் டேப் போடும் கேமராக்கள் புழக்கத்தில் இருந்த வருடங்கள் அவை. எங்கள் சர்ச் சபையைச் சேர்ந்த நர்ஸ் ஒருவர், தங்கையின் கல்யாணத்துக்காக ஜெர்மனியிலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கே வாங்கிய கேமராவும் கூடவே வந்தது.

கல்யாண நேரத்தில் அவர்களுடைய அப்பா வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். தேதியைத் தள்ளிவைக்க அவர் சம்மதிக்கவில்லை. கட்டிலில் இருந்தபடியே இளைய மகளுக்காக ஜெபம் செய்தார். மூத்த மகளான நர்ஸ் அதைப் படம் பிடித்தார். சர்ச்சில் பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தது அப்பாவின் தம்பி.

"அண்ணா, சித்தப்பா கை புடிச்சிக் குடுக்கற எடத்த எடுத்துட்டு நைனா ஜெபம் பண்றத வெச்சிடுங்க. அவரும் அங்க இருந்த மாரி இருக்கணும்" என்றார் நர்ஸ்.

அப்படியே செய்தேன். வார்டில் டிவி இல்லை. கேமராவின் சின்னத் திரையில்தான் அவருக்குக் காட்ட முடியும். ஆகவே எடிட் செய்ததை மறுபடி டேப்பில் ஏற்ற வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அதே கேபிளில் அதே கேமராவிலிருந்து படம் கம்ப்யூட்டருக்கு ஒழுங்காக வந்திருந்தது. திருப்பி அனுப்பினால் கேமரா வெறும் நீலத் திரையைக் காட்டியது. கேபிளை மாற்றினேன். டேப்பில் பதிவைத் தடுக்கும் பூட்டு திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். புது டேப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். நீலம் மாறவில்லை. நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்னும் பதற்றமாக இருந்தது.

திருப்பதி அலிபிரி ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த நண்பருக்கு போன் செய்தேன்.

"ஃபாரின்ல வாங்கினதா? அதுல சில கேமரா வெளிய குடுக்கும், உள்ள வாங்காது. அந்த வழிய அடைச்சிதான் விக்கறாங்க. நீ இன்னா பண்ணாலும் ஏறாது. இங்க எடுத்துக்கினு வா, என் கேமராவுல ஏத்திக்கலாம்."

கம்ப்யூட்டரின் சிபியுவைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பள்ளம் வந்தபோதெல்லாம் நர்ஸும் ஒரு கை கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.

நண்பரின் கேமராவில் படம் ஏறியது. ஆனால் அந்த டேப்பை நர்ஸின் கேமராவில் போட்டதும் மணமகளின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது, பாட்டு விக்கியது. கேமராவுக்குள் டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைக்கும் டேப்பை ஓட்டியும் பயனில்லை. பிறகு நண்பரே நெற்றியில் அடித்துக்கொண்டார். டேப் மிச்சமாகட்டும் என்று மெதுவான வேகத்தில் பதியும்படி அவர் வைத்திருந்தார். அதை மற்ற கேமரா சரியாகப் படிக்கவில்லை. சாதாரண வேகத்துக்கு மாற்றி, முழுவதையும் மறுபடி பதிந்தோம். இந்த முறை முகம் உடையவில்லை.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குப் போனோம். தலையணையைச் சாய்த்து அப்பாவை உட்காரவைத்து, கேமராவை நர்ஸ் அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார். அவர் அசையாமல் பார்த்தார். தன் முகம் வந்ததும் புருவம் சுருங்கியது.

"நல்லா கீதும்மா. ஆனா உங்க சித்தப்பன் அவள உள்ள கூட்டிக்கினு வந்தானே, அப்பால எங்க போனான்?"

"அத எடுத்துட்டோம் நைனா. உன்ன வெச்சிருக்கோம்."

"நான் அங்க இல்லியே." குரலில் கோபம் இல்லை. "எனக்காக நின்னவன் அவன். அவன எடுத்துட்டு என்ன வெச்சா அவன் மனசு இன்னா ஆவும்? நான் படுக்கையில ஜெபம் பண்ணேன். அத மொதல்ல வெய்யி. அப்பால அவங்க சர்ச்சுக்குப் போவட்டும்."

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கும் அது முதலிலேயே தோன்றியிருக்கலாம். சிபியு நண்பரின் ஸ்டுடியோவில்தான் இருந்தது. மறுநாள் காலையில் போய், அப்பா சொன்னபடி மாற்றிப் பதிந்து வந்தேன்.

அன்று வார்டில் சித்தப்பாவும் இருந்தார். அண்ணனின் தலைமாட்டில் அவர் குனிந்து நிற்க, இருவரும் ஒரே திரையைப் பார்த்தார்கள். பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைக்கும் இடத்தில் சித்தப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இங்க பாருடா," என்று தம்பியின் முழங்கையைப் பிடித்து இழுத்தார் அண்ணன். "நல்லாதான் நின்னுக்கினு கீற."