ஞானம் மிஸ்ஸியின் மங்குக் கோப்பை

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நான் ஒரு கடிதத்துக்கு உறை தேடிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வண்டியோட்டி வாசலில் வந்து நின்று தொப்பியைக் கழற்றினார். “கிராணி, ஞானம் மிஸ்ஸி இறந்துட்டாங்க. ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில, விடியக்காத்தால” என்றார். காய்ச்சலோடு அவரை அங்கே கொண்டுபோனது எனக்குத் தெரியும். ஆனாலும் பிழைத்து வந்துவிடுவார் என்றே இருந்தேன். சேதி கேட்டதும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

கோத்தா திங்கியிலும் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களிலும் பிள்ளை பெற்றவர்களுக்கு மிஸ்ஸி யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து வேதக்கார வீட்டில் பிறந்து, அரசாங்க மருத்துவச்சியாக வந்தவர். எங்கள் குவார்ட்டர்ஸில் அடுத்த வீடு. ஆஸ்பத்திரிக்கென்று இருந்த வண்டி டாக்டருக்கே போதவில்லை. பக்கத்துத் தோட்டங்களுக்கு மிஸ்ஸி சைக்கிளில் போவார். தூரத் தோட்டம் என்றால் என்னுடைய பழைய காரில் நான் கொண்டுபோய் விடுவேன். திரும்பி வந்ததும் எங்கள் வீட்டில் காப்பி. என் மனைவி சிவகாமி பித்தளை டம்ளரில் நுரை ததும்ப ஆற்றிக் கொடுப்பாள். இருவரும் அடுக்களையில் உட்கார்ந்து பேசுவதை நிறுத்த நான்தான் இருமிக்கொண்டு போக வேண்டும்.

அந்தக் கார் போன இடமெல்லாம் எண்ணெய் சிந்தும். பின்சக்கரங்களுக்கு நடுவே குடம்போல இருக்கும் டிஃபரென்ஷியலில் எண்ணெயைத் தடுக்கும் வளையம் ஓய்ந்துபோயிருந்தது. போன வீட்டு வாசலில் எல்லாம் கறுப்பு வட்டம். தோட்டத்துத் துரையின் பங்களா வாசலில்கூட ஒன்று வைத்துவிட்டு வந்தேன். யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. மிஸ்ஸிதான் சொன்னார்: “அண்ணே, நாம எந்த வீட்டுக்குப் போனோம்னு போலீஸே தேட வேணாம்லா.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “எண்ணெய் வத்தி நடுக்காட்டுல நின்னுச்சுன்னா, அங்க வலியில கெடக்கறவ என்ன செய்வா?” என்றார். அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை.

ஜொகூர் பாருவில் ஒரு சீனர் கடையில் புது வளையம் கிடைத்தது. இரும்பு விளிம்புக்குள் தோல் வைத்துத் தைத்தது. மாட்டுவதற்கு முன் ஓர் இரவு சுத்தமான எண்ணெயில் ஊற வைக்க வேண்டும் என்று கடைக்காரர் மலாயில் சொல்லி அனுப்பினார். சனிக்கிழமை மதியம் காரின் பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டை வைத்து நிறுத்தினோம். அடியில் நுழைய என் வயிறு இடம் தரவில்லை. மிஸ்ஸி கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு தாமே நுழைந்தார். நான் வெளியே முட்டிபோட்டு ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் இருவருக்குமே அது புது வேலை. நடு நட் அசையாமல் நான் பொறுமை இழந்தபோது, அடியிலிருந்து குரல் வந்தது: “அவசரப்படாதீங்கண்ணே. வர்றது வரும். பிரசவத்துக்கு இது தேவலாம், கத்தாது.” ஓய்ந்த வளையம் கையோடு வந்தபோது, “சுகப்பிரசவம்” என்று கறுத்த முகத்தோடு வெளியே வந்தார்.

இனி நடந்ததுதான் என் அறிவின் லட்சணம். செருப்பைக்கூட வாசற்படிக்கு வெளியே விடுகிற சைவ வீடு எங்களுடையது. புது வளையம் கடைக்காரர் சுற்றிக் கொடுத்த காகிதத்தில் பளபளவென்று இருந்தது. அது எனக்குக் கார் சாமானாகத் தெரிந்ததே தவிர, மாட்டுத்தோலாகத் தெரியவில்லை. சுத்தமான எண்ணெய் என்றதும் எனக்கு நினைவு வந்தது சாமி மாடத்தில் விளக்குக்காகக் கிண்ணத்தில் வைத்திருந்த நல்லெண்ணெய்தான். விளக்கேற்றி முடிந்த பிறகு வளையத்தை அதில் போட்டு மூடிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை மாதா கோயில் பூசை முடிந்து மிஸ்ஸி வந்தார். அந்த நேரத்தில்தான் சிவகாமி விளக்கில் எண்ணெய் ஊற்றக் கிண்ணத்தைச் சாய்த்தாள். வளையம் விளக்கின்மேல் விழுந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “என்னங்க இது, தோலா?” என்றாள்.

“நான்தான் போட்டேன்” என்றேன். அதே மூச்சில், “நான்தான்க்கா போட்டேன். எனக்குத் தெரியலக்கா” என்றார் மிஸ்ஸி.

சிவகாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் மறுபடி வாயெடுத்தேன். “நீங்க சும்மா இருங்க. சைவ வீட்டுல பொறந்த உங்களுக்குத் தெரியாதாக்கும்?” என்றாள். நானும் சும்மாவே இருந்தேன். அவள் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. எண்ணெயைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் கிணற்றடியில் புளி போட்டுத் தேய்த்தாள். தேய்க்கிற சத்தம் கார் வரைக்கும் கேட்டது. வளையத்தைக் கட்டை வைத்துத் தட்டி இறக்கிக்கொண்டே, “அக்கா கத்தலியே, அதுதான்ணே பயமா இருக்கு” என்றார் மிஸ்ஸி. அப்போதாவது நான் எழுந்து கிணற்றடிக்குப் போயிருக்கலாம். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு அடுக்களைப் பேச்சு நின்றது. மிஸ்ஸிக்குக் காப்பி முன்கூடத்துக்கு வந்தது, எனாமல் பூசி நீல விளிம்பு போட்ட ஒரு மங்குக் கோப்பையில். வீட்டுப் பாத்திரங்களோடு சேராமல் அது ஜன்னலோரம் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். முதல் தடவை அதைக் கண்டபோது எனக்குத் தலை நிமிரவில்லை. மிஸ்ஸி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “இந்தக் கோப்பையில சூடு நல்லா நிக்குதுண்ணே” என்றார். ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னார். குடித்துவிட்டுப் போகும்போது காருக்கு அடியில் குனிந்து பார்ப்பார். “ஒரு சொட்டு இல்ல” என்று எனக்குக் கைகாட்டுவார். நாங்கள் போட்ட வளையம் அப்படி நின்றது.

எங்கள் மகள் பிறந்தது அதே வீட்டில். சிவகாமிக்குக் கஷ்டமான பிரசவம். அவள் மிஸ்ஸியின் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்து ரத்தம் கட்டிவிட்டது. பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு மிஸ்ஸி முன்கூடத்தில் உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்து நான் பார்த்தபோது அவர் கையில் அந்த மங்குக் கோப்பைதான் இருந்தது. என் பிள்ளையை முதலில் தொட்ட கை அது. என் வீட்டுக்காரிமேல் எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சமல்ல. அந்தக் கோபத்தையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் சிவகாமி குளித்துவிட்டு வந்து ஜன்னலோரம் நின்றாள். கோப்பையை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

“கிண்ணத்துல போட்டது நீங்கதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“சாமி விளக்கு தீட்டுப்பட்டுப் போச்சு. மனசு ஆறல. உங்களையா முன்கூடத்துல உட்கார வச்சுக் காப்பி கொடுக்க முடியும்?” கோப்பையை மறுபடி துடைத்தாள். “பாப்பா பொறந்த அன்னிக்கு, பக்கத்துல நின்ன பொம்பளைகிட்ட பித்தளை டம்ளர்லதான் கொடுத்து அனுப்பினேன். மிஸ்ஸி வாங்கல. உள்ள வந்து எங்கிட்ட சொன்னாங்க: ‘மங்கே இருக்கட்டும்க்கா. இப்ப மாத்தினா, போட்டது யாருன்னு இத்தனை நாள் நமக்குத் தெரிஞ்சேதான் இருந்துச்சுன்னு அண்ணனுக்குப் புரிஞ்சுரும். பாவம், முகம் தொங்கிப் போயிரும்.’”

மிஸ்ஸியை அறிந்தவர்கள் அவர் காப்பாற்றிய உயிர்களை நினைப்பீர்கள். அது நியாயம். அவர் என் முகத்தையும் காப்பாற்றினார். அதற்கு விலையாகத் தம்முடைய இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, எங்கள் முன்கூடத்தில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். அது தெரியாமல் நான் என் மனைவிமேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அவருடையதென்று என்னிடம் இருப்பது அந்தக் கோப்பை ஒன்றுதான். இப்போது அதில் நான் காப்பி குடிக்கிறேன், முன்கூடத்தில் உட்கார்ந்து. முதலில் விளிம்பு உதட்டைச் சுடுகிறது. இரண்டு வாய் குடிப்பதற்குள் காப்பி ஆறிப்போகிறது. அதில் சூடு நிற்கவே இல்லை.