தரமா இருக்குதுங்கம்மா

பனியன் கம்பெனியில் என்ன வேலை என்று சொந்தபந்தம் யாராவது கேட்டால் "எச்.ஆருங்க" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கிலீஷில் ஒரு வார்த்தை வந்துவிட்டால் அது பெரிய வேலைதான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. உள்ளதைச் சொன்னால், தைக்கிற பெண்களுக்குப் பொய் சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை. பி.காம் படித்துவிட்டு திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பத்து வருஷம் அதைத்தான் செய்தேன். நன்றாகவே செய்தேன்.

வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிற பையர் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆடிட்டர் வருவார். தொழிலாளிகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிப்பார். எத்தனை மணி நேரம் வேலை, யாராவது திட்டுகிறார்களா, லீவு கேட்டால் கிடைக்கிறதா. இதற்கெல்லாம் பதிலை இரண்டு நாள் முன்பே சாப்பாட்டு ஹாலில் வரிசையாக உட்கார வைத்து நான் ஒப்பிக்கச் சொல்லுவேன். "எட்டு மணி நேரமுங்க. ஓவர்டைம் எங்க இஷ்டமுங்க. எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்க." ஆடிட் அன்று காலையில் எல்லோருக்கும் புது மாஸ்க் கொடுப்போம். ஆடிட்டரின் கார் கேட்டைத் தாண்டியதும் திரும்ப வாங்கி வைத்துக்கொள்வோம்.

ஒரு தடவை மட்டும் வசமாக மாட்டினோம். ஆடிட்டருடன் மொழிபெயர்க்க வந்த பெண் மதுரைக்காரி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாதமே ஆன ஒரு பிள்ளை அவளிடம் "ஆமாங்க, இல்லீங்க, எங்க இஷ்டமுங்க" என்று அசல் கொங்கு நாட்டுக்காரி மாதிரி பதில் சொல்லியிருக்கிறது. நான் சொல்லிக் கொடுத்த பதிலோடு என் பேச்சும் சேர்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த மதுரைக்காரி சிரித்துக்கொண்டே, "அது சரி, நேத்து ராத்திரி என்ன சாப்ட்டே?" என்று கேட்டாளாம். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளை முழித்திருக்கிறது. அதிலிருந்து, அவரவர் பேச்சிலேயே பதில் சொல்ல வேண்டும் என்று நான் பாடத்தைத் திருத்திக்கொண்டேன்.

என் மகளும் இந்தக் கம்பெனிக்கு உழைத்திருக்கிறாள். கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் என்று போர்டு மாட்டிய ஓர் அறை உண்டு. மற்ற நாளில் அட்டைப் பெட்டி அடுக்குவோம். ஆடிட் அன்று பெட்டிகளைத் தள்ளிவிட்டு, பாலித்தீன் கவரைக்கூடப் பிரிக்காத பொம்மைக் குதிரையைக் கொண்டுவந்து வைப்போம். குதிரை இருந்தால் குழந்தை வேண்டுமே. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த சமயம், என் மகளுக்கு நாலு வயது. ஊதாக் கவுன் போட்டு உட்கார வைத்தேன். ஆடிட்டர் குனிந்து கேட்டதை யாரோ தமிழில் "தினமும் வர்றியா பாப்பா?" என்றதும், "தினமும் வருவேனுங்க" என்றாள், திக்காமல் திணறாமல். மேனேஜர் சாக்லேட் கொடுத்தார். என் பிள்ளை எவ்வளவு சூட்டிகை என்று ஒரு மாதம் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தச் சூட்டிகைப் பிள்ளை எட்டாவது முடித்ததும் வீட்டில் சதிக் கூட்டம் கூடியது. எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் புள்ளை எங்கே படிக்கிறது என்றுதான் கேட்பார்கள். "இங்கதானுங்க, பக்கத்துப் பள்ளிக்கூடம்" என்று சொன்னால் ஏதோ வியாதி என்று சொன்ன மாதிரி பார்ப்பார்கள். என் வீட்டுக்காரரின் அக்கா ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். அவர் மகனை நாமக்கல் பக்கம் ஒரு ஆஸ்டல் பள்ளியில் போட்டு, அவன் மெடிக்கல் போய்விட்டான். அந்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தலையெழுத்தை எழுதுகிறவர் அவர்தான்.

"அம்மிணி, இங்க வெச்சிருந்தா புள்ள டீவி பாத்தே கெட்டுப் போயிரும். அங்க போட்டுப் பாரு. காலைல நாலரைக்கு எழுப்பி உட்டுருவாங்க. போனு கெடையாது. வெளிய உடமாட்டாங்க. மாசத்துல ஒரு நாளுதான் பாக்க உடுவாங்க. அவ்வளவு நல்ல பள்ளிக்கூடம்."

இதையே ஒரு பனியன் கம்பெனியைப் பற்றி யாராவது எழுதிப் போட்டிருந்தால் பையர் அன்றைக்கே ஆர்டரை ரத்து செய்திருப்பார். பள்ளிக்கூடம் என்றதும் வாசலில் இடம் கேட்டு நின்றோம். சிபாரிசுக்கு ஆள் வேறு தேடினோம். ஒன்பதாவதில் சேர்த்தால் ஒன்பதாவது புத்தகத்தைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, இரண்டு வருஷமும் பத்தாவதையே நடத்திவிடுவார்கள் என்று அங்கே பெருமையாகச் சொன்னார்கள். நாங்களும் பெருமையாகத் தலையாட்டினோம்.

சுற்றிக் காட்டினார்கள். ஒரு கம்பெனியில் காலடி வைத்தால் எது காட்டுவதற்கு வைத்தது, எது புழங்குவதற்கு வைத்தது என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுகிறவள் நான். சாப்பாட்டு ஹாலில் வாரம் ஏழு நாளுக்கும் ஏழு விதம் எழுதிய போர்டு ஈரம் காயாமல் இருந்தது. மாணவிகள் கருத்துப் பெட்டியில் எட்டுக்கால் பூச்சி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். பக்கத்தில் முந்நூறு நானூறு பிள்ளைகளின் போட்டோவும் மார்க்கும் ஒட்டிய பெரிய பலகை இருந்தது. அதில் என் மகள் முகத்தை ஒட்ட எங்கே இடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"நான் இங்க நம்மூட்டுலயே இருந்து படிக்கறனுங்கம்மா" என்று அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு" என்றேன். எல்லாத் தாயும் சொல்கிற பதில். யோசிக்கவே வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் வார்டனின் போனில் பேச விடுவார்கள். என் வீட்டுக்காரர் செல்போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைப்பார். "நல்லாருக்கேனுங்கம்மா. சாப்பாடு தரமா இருக்குதுங்கம்மா. எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்க. நல்லாப் படிக்கறனுங்கம்மா." வீட்டுக்காரருக்குக் கண் நிறைந்துவிடும். கொடுத்த பணத்துக்குச் சில்லறை சரியாக வந்த மாதிரி ஒரு திருப்தி.

மூன்று வாரம் நானும் திருப்தியாகத்தான் இருந்தேன். நாலாவது வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். மறுபடியும் அதே நாலு வாக்கியம், அதே வரிசை. "சாப்பாடு தரமா இருக்குதுங்கம்மா." கை அப்படியே நின்றுவிட்டது.

தரமா? பதின்மூன்று வருஷம் நான் ஆக்கிப் போட்ட சோற்றில் ஒரு நாளாவது குறை சொல்லாமல் எழுந்த பிள்ளையா அவள்? சாம்பாரில் புளி ஒரு பொட்டு கூடினால் தட்டைத் தள்ளிவிடுவாள். நன்றாக இருந்தால்கூட "பரவால்ல" என்பாள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை சோற்றைத் தரம் என்று சொல்லும்? அது நோட்டீசில் அச்சடிக்கிற வார்த்தை. யாரோ பெரியவர்கள் யோசித்து எழுதிக் கொடுத்த வார்த்தை.

எழுதிக் கொடுப்பவர்கள் எப்படி யோசிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் கம்பெனிக்கும் ஓர் ஆஸ்டல் உண்டு. தென்மாவட்டங்களிலிருந்து பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்களை மூன்று வருஷம் என்று எழுதி வாங்கிக்கொண்டு தங்க வைத்திருந்தோம். அவர்கள் ஊருக்குப் பேசுவது ஆபீஸ் போனில். எதிர் நாற்காலியில் பேனாவும் கையுமாக நான் உட்கார்ந்திருப்பேன்.

"ஏனுங்க, புள்ள பேசறது எனக்குச் சரியாப் படலீங்க" என்றேன்.

"நல்லாருக்கறன்னு சொன்னாலும் உனக்கு வெசனமா? அழுதா ஏன் அழுவறாள்னுவே, சிரிச்சா ஏன் சிரிக்கறாள்னுவே" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். நூல் அறுந்தால் மிஷின் நின்றுவிடும், அவருக்குத் தெரிந்துவிடும். நிற்காமல் ஓடினால் எல்லாம் நல்லபடி என்றுதான் அவர் கணக்கு.

பார்க்க விடுகிற ஞாயிறுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அன்றைக்கு அவருக்கு அவசர வேலை. அவளுக்குப் பிடித்த அரிசிம்பருப்பு சோறு கட்டிக்கொண்டு நான் மட்டும் பஸ் ஏறினேன்.

பள்ளிக்கூட வாசலில் பந்தல் கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். வார்டன் கையில் நோட்டை வைத்துக்கொண்டு எதையோ தேடுகிற மாதிரி நடந்துகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆடிட் அன்று பேச்சை ஒட்டுக்கேட்க நான் நடக்கிற அதே நடை. அப்புறம் என் மகள் வந்தாள், சிரிப்பு போய்விட்டது. ஜடை பின்ன நேரமாகிறது என்று தோளுக்கு மேலே முடியைக் கத்தரித்திருந்தார்கள்.

"எனக்குத்தானுங்கம்மா வெட்டிக்கோணும்னு தோணுச்சு" என்றாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

அந்த மதுரைக்காரியின் வித்தையை என் மகளிடமே போட்டேன். "நேத்து என்ன சோறு கண்ணு?"

"சாம்பாருங்கம்மா."

"முந்தாநேத்து?"

"சாம்பாருங்கம்மா."

டப்பாவைத் திறந்து கொடுத்தேன். இடது கையை டப்பாவைச் சுற்றி வளைத்து வைத்துக்கொண்டு, யாரோ பிடுங்க வருகிற மாதிரி சாப்பிட்டாள். புளி, உப்பு, காரம் எதற்கும் வாய் திறக்கவில்லை. நான் நாற்காலியை நகர்த்தி வார்டனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

"சாமி, இங்க உன்னை அடிக்கறாங்களா? அம்மாகிட்ட நெசத்தைச் சொல்லு."

வார்டனைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பயமும் இல்லை, அழுகையும் இல்லை. விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிற ஆளைக் கடைக்காரர் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தாள்.

"சொன்னா என்னங்கம்மா பண்ணுவீங்க? நீங்க நாலு மணிக்கு பஸ்ஸேறிப் போயிருவீங்க. நான் இங்கதானுங்க இருக்கோணும்."

பத்து வருஷத்தில் எந்தத் தொழிலாளியும் இதை என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆடிட்டர் சாயங்காலம் போய்விடுவார் என்று அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதை நம்பித்தானே என் பிழைப்பு ஓடியது. எனக்கு அப்போது வந்தது கோபம் இல்லை, வெட்கம். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன்.

"போயி உன்ற பெட்டியை எடுத்துட்டு வா" என்றேன்.

"நெசமாவாங்கம்மா?"

"எடுத்துட்டு வா கண்ணு."

ஆபீசில் ஒருவர் முதலில் குழைந்தார், அப்புறம் முறைத்தார். மொதல்ல எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தானுங்க இருக்கும், போகப் போகப் பழகிருமுங்க என்றார். நான் எழுந்திருக்கவில்லை என்றதும் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி எழுதச் சொன்னார். "என் மகளைக் குடும்பச் சூழ்நிலை காரணமாக..." என்று ஆரம்பித்தார். மிச்சத்தை அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. "என் சொந்த விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறேன், இங்கு எந்தக் குறையும் இல்லை" என்று நானே மளமளவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் கம்பெனியில் வேலையை விட்டு நிற்பவர்களிடம் நான் வாங்குகிற கடிதத்திலும் இதே வரிகள்தான். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "நொம்பக் கரெக்டா எழுதியிருக்கீங்க" என்று மெச்சினார்.

பஸ்ஸில் திருச்செங்கோட்டில் பேச ஆரம்பித்தவள் ஈரோட்டில் பஸ் மாறியும் நிறுத்தவில்லை. மார்க் குறைந்தவர்களை மைதானத்தில் வெயிலில் முட்டி போட வைப்பார்கள். காய்ச்சலோடு ஒரு பிள்ளை பரீட்சை எழுதி, எழுதின தாள் மேலேயே வாந்தி எடுத்தது. போனுக்குப் பக்கத்துச் சுவரில் நாலு வரி எழுதிய காகிதம் ஒட்டியிருக்கிறது, ஐந்தாவது வரி பேசினால் வார்டன் கட் பண்ணிவிடுவார். சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அவளெல்லாம் ஒரு பொம்பளையா? அவளும் ஒரு புள்ளையைப் பெத்தவதான? பெத்தவகிட்டப் பேசறதுக்கு எழுதி ஒட்டறவளுக்கு நெஞ்சு எதுல செஞ்சிருக்குது?" என்று பஸ்ஸென்றும் பாராமல் கத்தினேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் இரண்டு வசவு சேர்த்தே சொன்னேன். எனக்கு மனசு ஆறிக்கொண்டு வந்தது.

ஊத்துக்குளி தாண்டும்போது அவள் கேட்டாள். "ஏனுங்கம்மா, உங்க கம்பெனி ஆஸ்டல்ல அக்காங்கெல்லாம் இருக்காங்கல்ல. அவங்கம்மா வந்து கேட்டா, இதே மாதிரி அனுப்பி உட்டுருவீங்களா?"

அதற்கு முந்தின மாதம்தான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்து, காலையிலிருந்து கேட்டுக்கு வெளியே மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். மகளை ஒரு தடவை கண்ணால் காட்டினால் போதும் என்றார். மூன்று வருஷம் முடியட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது நான்தான்.

"உட்டுருவோம் கண்ணு. எப்ப வந்து கேட்டாலும் அனுப்பி உட்டுருவோம்" என்றேன், திக்காமல் திணறாமல்.

பந்தலில் பார்த்த அதே பார்வையைத் திரும்பவும் பார்த்தாள். "சரிங்கம்மா" என்றாள். அப்புறம் திருப்பூர் வருகிற வரைக்கும் என்னிடம் எதையும் கேட்கவில்லை.