குடத்தில் கரைந்த ஓட்டு

மரக்காணம் உப்பளத்தில் சகாயசெல்வி எங்கே என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். "அமெரிக்கா எங்கே?" என்று கேட்டால் வரப்பில் நிற்கிற யாரும் கையைக் காட்டிவிடுவார்கள், "அதோ, லூர்துமேரி பொண்ணு" என்று. அவள் அமெரிக்கா போனதில்லை. சென்னைக்கே இரண்டு தடவைதான் போயிருக்கிறாள். இரண்டும் இன்டர்வியூ, இரண்டும் வேலைக்கு ஆகவில்லை.

அரசியல் அறிவியலில் எம்.ஏ. முடித்து, அவள் கடைசியில் சேர்ந்தது பாண்டிச்சேரியில் ஒரு சின்னக் கம்பெனியில். அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இணையத்தில் வைக்கிற பரீட்சைக் கேள்விகளைச் சரிபார்க்கிற வேலை. அந்த நாட்டு அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் எந்த ஊரில் கூடினார்கள், எந்த அதிகாரம் மத்தியில், எது மாநிலத்தில் என்று நாள் முழுக்க அதே வேலை. சரியான விடை 'பி'யா 'சி'யா என்று பார்த்துப் பார்த்து, பஸ்ஸில் வரும்போது கண்டக்டர் "எங்கம்மா?" என்று கேட்டால்கூட நாலு விடைகள் கண்முன்னால் வந்து நின்றன.

ஒருநாள் சாயங்காலம் லூர்துமேரி கேட்டாள்: "இன்னிக்கு என்னாடி பார்த்த?"

"சிவில் ரைட்ஸ்மா."

மறுநாள் விடிவதற்குள் உப்பளம் முழுக்கச் சேதி பரவிவிட்டது. லூர்துமேரி பொண்ணு சிவில் ரைஸுல வேலை பார்க்குது, ரேஷன் அரிசி எல்லாம் அவ கையிலதான் இருக்குது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் வாசலில் மூன்று பேர். "எங்க கார்டுக்கு மட்டும் பழுப்பரிசியா போடுறாங்க. மேல கொஞ்சம் சொல்லும்மா."

சகாயசெல்வி பொறுமையாக விளக்கினாள். இது அரிசி இல்லை, உரிமை. யாராக இருந்தாலும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்கிற உரிமை.

"அதைத்தானம்மா நாங்களும் சொல்றோம்" என்றார்கள் மூன்று பேரும்.

விடை சரிதான், கேள்வித்தாள்தான் வேறு என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அந்த நினைப்பு அவளை விடவேயில்லை. ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருக்கிற ஒரு நாட்டின் அரசாங்கம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். என் அம்மா ஏன் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை என்பதற்கு என்னிடம் என்ன விடை இருக்கிறது?

காரணம் தெரியாமல் இல்லை. உப்பளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளைப் பாத்தியும் வரப்பும்தான். ஒதுங்க ஒரு செடி கிடையாது. அதனால் விடியலில் இறங்கினால் வேலை முடிந்து ஏறுகிற வரை பெண்கள் யாரும் வாயில் தண்ணீர் வைக்க மாட்டார்கள். லூர்துமேரிக்கு நீர்க்கடுப்பு வந்து, ஒருநாள் உப்புக் குவியல் மேலேயே மயங்கி விழுந்தாள். "நிறைய தண்ணி குடிங்க" என்றார் டாக்டர். "குடிச்சா எங்க சார் போறது?" என்றாள் லூர்துமேரி. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

சகாயசெல்வி மனு எழுதினாள். உப்பள நிலம் மத்திய அரசுடையது, அதனால் ஒரு ஆபீஸ். குடிதண்ணீர்க் குழாய் ஊருடையது, அதனால் இன்னொரு ஆபீஸ். அங்கே இங்கே என்று அவள் நடந்த நாட்களில் கம்பெனியில் ஒரு கேள்வி வந்தது. கூட்டாட்சியில் இரண்டு வகை. மத்தியும் மாநிலமும் தனித்தனியாக இருந்தால் அடுக்குக் கேக் மாதிரி, கலந்து வேலை செய்தால் இரண்டு நிற மாவு கலந்த மார்பிள் கேக் மாதிரி. படத்தோடு போட்டிருந்தார்கள்.

வீட்டில் வந்து அம்மாவுக்கும் காட்டினாள். லூர்துமேரி போனை வாங்கி உற்றுப் பார்த்தாள்.

"நம்ம ஊர்ல எது?"

"நம்ம ஊர்ல தட்டு ஒரு ஆபீஸ்ல இருக்குது, கேக்கு இன்னொரு ஆபீஸ்ல இருக்குது, கத்தி எங்கன்னு தேடிக்கிட்டிருக்காங்கம்மா."

பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்தது அந்தச் சமயத்தில்தான். ரெடிமேட் கழிப்பறை ஒன்று தருவார்கள், குழி தோண்டி நட்டுவிட்டுப் போவார்கள். ஒன்றே ஒன்றுதான். உப்பளத்துக்கு வெளியே இடம் வேண்டும். எந்த இடம் என்று உப்பளப் பெண்கள் சங்கம் ஒரே முடிவாகச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடும். எத்தனை பேருக்குப் பயன்படும் என்று போனில் கேட்டார்கள். "அறுபது பேர்" என்றாள் சகாயசெல்வி, சங்கத்தில் அத்தனை பேர்தான் என்பதால்.

இடம் இரண்டு இருந்தது. ஒன்று வடக்கே, மெயின் ரோட்டோரம். இன்னொன்று தெற்கே, கல்குகை மாதிரி கட்டிச் சிலை வைத்த மாதா கெபிக்குப் பின்னால். சங்கத்தில் நாற்பத்தாறு பேர் வடக்கே காலனிக்காரர்கள், பதினான்கு பேர் தெற்கே கெபித்தெருக்காரர்கள். சங்கத் தலைவி கொளஞ்சியம்மாள் காலனி. உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே பத்துப் பாத்தி தள்ளி நிற்பவளைத் திட்டக்கூடியவள். கெபித்தெருவுக்குப் பேச வந்தது லூர்துமேரி.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, உப்பைக் குவிக்கிற களத்தில் கூட்டம்.

"தலையை எண்ணு, முடிஞ்சிபோச்சி" என்றாள் கொளஞ்சியம்மாள். "நாங்க நாப்பத்தாறு, நீங்க பதினாலு. இதுக்கு ஒரு கூட்டமா?"

"அப்படி எண்ணினா எங்க தெருவு எந்தக் காலத்துல ஜெயிக்கிறது?" என்றாள் லூர்துமேரி. "தெருவுக்கு ஒரு ஓட்டுன்னு வையி."

சகாயசெல்விக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. இது அந்தக் கேள்வி! பெரிய மாநிலம், சின்ன மாநிலம்! இரண்டு வருஷமாகச் சரிபார்த்த விடை தன் சொந்த உப்பளத்தில் செருப்பில்லாமல் வந்து நிற்கிறது. ஆர்வத்தில் ஒரு கவிழ்த்த கூடையின் மேல் ஏறி நின்றுவிட்டாள்.

"அமெரிக்காவுலயும் இதே சண்டைதாங்க! பெரிய மாநிலம் எல்லாம் தலையை எண்ணுன்னுச்சி, சின்ன மாநிலம் எல்லாம் ஆளுக்கு ஒண்ணுன்னுச்சி. கோடைக்காலம் பூரா ஜன்னலைச் சாத்திக்கிட்டுப் பேசினாங்க."

"கோடையிலயா? ஜன்னலையா?" என்றது பின்வரிசை. "கிறுக்குப் புடிச்சவனுங்க."

"சரி, யாரு ஜெயிச்சா?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"ரெண்டு பேருமே. ரெண்டு சபை வச்சாங்க. ஒண்ணுல தலைக்கணக்கு, ஒண்ணுல மாநிலத்துக்குச் சமக்கணக்கு."

"அப்போ நமக்கும் ரெண்டு கக்கூஸ் கேளு."

களமே சிரித்தது. சகாயசெல்வி கூடையிலிருந்து இறங்கவில்லை. "அந்தக் கூட்டத்துல பொம்பளைங்க இருந்தாங்களா?" என்று யாரோ கேட்டார்கள். இல்லை என்றாள். அங்கே கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்களே, அவர்கள் என்று இன்னொருத்தி கேட்டாள். அவர்களுக்கு ஓட்டே கிடையாது, ஆனால் மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று கணக்குப் போடும்போது மட்டும் ஒரு ஆளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணினார்கள் என்றாள்.

சிரிப்பு நின்றது. கொளஞ்சியம்மாளின் முகம் மாறியது. "மனுஷனையா? அஞ்சுல மூணா? கையைக் காலை வெட்டிட்டு எண்ணினானுங்களா? வேலை மட்டும் முழு ஆளு வேலை வாங்கியிருப்பானே, பாவி!" என்று அவள் போட்ட சத்தத்தில் பாத்தியில் நின்ற கொக்கு இரண்டு எழுந்து பறந்தன.

அப்போது ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்து விவசாயக் கிராமத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் கூலிக்கு வருகிற பன்னிரண்டு பெண்களில் மூத்தவள், சின்னப்பாப்பா. "ரோட்டோரம் வேணாங்க. பஸ்ஸுக்கு நிக்கிற ஆம்பளைங்க எதிர்ல கதவைத் தொறந்துக்கிட்டு எப்படிங்க போறது? கட்டி வச்சாலும் போக மாட்டோம்."

"நீங்க சங்கத்துல இல்ல. சும்மா இரு" என்றாள் கொளஞ்சியம்மாள். ஆனால் காலனியின் சின்ன வயசுப் பெண்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை லூர்துமேரி கவனித்துவிட்டாள்.

"சரி கொளஞ்சி, தலையையே எண்ணு" என்றாள் அவள் திடீரென்று. "ஆனா ரகசிய ஓட்டு."

"என்னிக்கு வச்சாலும் நாப்பத்தாறு நாப்பத்தாறுதான்" என்று கொளஞ்சியம்மாள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

சனிக்கிழமை, வேலைக்கு நடுவே சாப்பாட்டு நேரத்தில் ஓட்டு. ஏற்பாடெல்லாம் சகாயசெல்விதான். ரோட்டோரத்துக்குப் புளியங்கொட்டை, கெபிக்கு உப்பு. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கொட்டை, ஒரு சிட்டிகை உப்பு. வேண்டியதை மூடிய கையோடு குடத்தில் போட்டுவிட்டு, மற்றதை அப்படியே வாய்க்காலில் விட்டுவிட வேண்டும். வரிசையில் வந்த கையிலெல்லாம் அவள் வைத்துக்கொண்டே போனாள். சின்னப்பாப்பாவின் ஆட்களும் வரிசையில் நின்றார்கள், அவர்கள் கையிலும் வைத்தாள். குடம் லூர்துமேரி வீட்டுடையது, நீலப் பிளாஸ்டிக் குடம்.

வரிசை முடிந்ததும் குடத்தை ஒரு சாக்கின் மேல் கவிழ்த்தாள். புளியங்கொட்டைகள் உருண்டன. அவற்றின் பின்னால் வழிந்தது தண்ணீர். அவ்வளவுதான்.

லூர்துமேரி குடத்துக்குள் எட்டிப் பார்த்து மெல்லச் சொன்னாள்: "காலையில கழுவினேன்டி. அடியில கொஞ்சம் தண்ணி நின்னுப்போச்சி போல."

பிறந்ததிலிருந்து உப்பு வாருகிறவர்கள் ஈரக்குடத்தில் உப்பைப் போட்டிருக்கிறார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை, கடைசியில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். "லூர்துமேரி, உன் ஓட்டை உன் குடமே குடிச்சிட்டுதுடி!" என்றாள் கொளஞ்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உப்பு ஒண்ணுமில்ல. கொட்டை ஜெயிச்சது. போனைப் போடு."

"இருங்க பெரியம்மா" என்றாள் சகாயசெல்வி. "கொட்டையை எண்ணினா போதும். மொத்தத்துல கழிச்சா உப்பு எவ்வளவுன்னு தெரிஞ்சிடும்."

எண்ணினார்கள். கொட்டை முப்பத்தொன்று.

"மொத்தம் அறுபது" என்றாள் கொளஞ்சியம்மாள் உடனே. "அறுபதுல முப்பத்தொண்ணு போனா இருபத்தொம்போது. ரோடுதான்."

சகாயசெல்வி வாயைத் திறந்தாள். பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அறுபது இல்லை. அவள் கையால் கொடுத்தது எழுபத்திரண்டு பேருக்கு. பன்னிரண்டு பேரைச் சேர்த்தால் உப்பு நாற்பத்தொன்று, கெபி. சேர்க்காவிட்டால் ரோடு. போனில் அறுபது என்று சொன்னதும் அவள்தானே? அன்றைக்கு இந்தப் பன்னிரண்டு பேர் அவள் கண்ணிலேயே படவில்லையே.

"எழுபத்திரண்டு பேர் போட்டாங்க, பெரியம்மா."

"அவங்க சங்கம் இல்ல!"

"அமெரிக்கா, அவங்கம்மா கேட்ட இடத்துக்கே கணக்குப் போடுது" என்று காலனிப் பக்கம் ஒரு குரல்.

சகாயசெல்வியின் முகம் சிவந்தது. உண்மையாகவும் இருக்கலாம். அம்மாவுக்காகத்தான் இந்தக் கணக்கைப் போடுகிறேனோ? "திரும்பப் போடலாம்" என்றாள். "குடத்தைத் துடைச்சிட்டுப் போடலாம். ஆனா திரும்பவும் இதே கேள்விதான் வரும். இவங்க பன்னிரண்டு பேரையும் எண்ணுறதா, வேணாமா? நான் சொல்லல. நீங்க சொல்லுங்க."

சின்னப்பாப்பா சோற்று வாளியை மூடிக்கொண்டிருந்தாள். அவள் கால் உப்பில் வெடித்திருந்தது, அங்கே இருந்த எல்லோர் காலையும் போலவே.

அப்போது காலனியிலிருந்தே ஒரு பெண், தலையைக் குனிந்துகொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "அஞ்சுல மூணா எண்ணிக்கலாமா, அத்தே?"

கொளஞ்சியம்மாள் விருட்டென்று திரும்பினாள். "எவடி அவ!"

அவள் சாக்கைப் பார்த்தாள், கொட்டையைப் பார்த்தாள். பிறகு அவள் உதடு எதையோ கணக்குப் போட்டது. நாற்பத்தாறில் முப்பத்தொன்று போனால்.

"என் தெருவுலயே பதினைஞ்சு பேரு உப்பு போட்டிருக்கீங்களாடி?"

காலனிப் பெண்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். மழை வருமோ என்று ஒருத்தி ரொம்ப அக்கறையாகக் கேட்டாள். சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"ரோட்டுல போக வெக்கமா இருக்குதுன்னு என்கிட்டச் சொன்னா கடிச்சா தின்னுடுவேன்?" என்றாள் கொளஞ்சியம்மாள். தின்றுவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் முந்தானையை உதறினாள், கட்டினாள். பிறகு சகாயசெல்வியைப் பார்த்து உறுமினாள்:

"என்னா நிக்கிற? எண்ணு. முழுசா எண்ணு. கையி காலோட எண்ணு. இல்லன்னா நானும் அந்த ஜன்னல் சாத்தினவனும் ஒண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவ."

சகாயசெல்வி போனைப் போட்டாள். கெபிக்குப் பின்னால் என்று சொன்னாள். எத்தனை பேர் என்றீர்கள், அறுபதா என்று கேட்டார்கள். "இல்லீங்க, தப்பாச் சொல்லிட்டேன். எழுபத்திரண்டு" என்றாள்.

மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட்டார். பெண்கள் எழுந்தார்கள். லூர்துமேரி மட்டும் மகளிடமிருந்து தண்ணீர் பாட்டிலை வாங்கி, அண்ணாந்து, பாதி பாட்டிலைக் காலி செய்தாள். இத்தனை வருஷத்தில் வேலைக்கு நடுவே அவள் தண்ணீர் குடித்து யாரும் பார்த்ததில்லை.

"ஏய், இன்னும் கக்கூஸே வரலடி!" என்று கத்தினாள் கொளஞ்சியம்மாள். "அதுக்குள்ள என்னா மொடக்கு மொடக்குன்னு?"

லூர்துமேரி வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பழகிக்கிறேன்" என்றாள்.