தாடைக்குக் கீழே நீலக் கோடு

அன்று பெர்மாஸ் ஜெயாவில் அந்தப் பல் கிளினிக்கின் சின்ன அறைக்குள் இருந்தது ஐந்து பேர். நாற்காலியில் மல்லாந்து நான். என் கால்மாட்டில், கையைக் கட்டுவதா தொங்கப் போடுவதா என்று தெரியாமல் நின்ற என் கணவர். கதவில் சாய்ந்தபடி, எங்களைக் காரில் ஏற்றி வந்த என் நாத்தனார். பல் டாக்டர், முப்பத்தைந்து வயதிருக்கும், தமிழ்ப் பெண். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு மலாய் உதவியாளர். நான் வருடக்கணக்காகச் செய்துவந்த காரியம் இந்த ஐந்து பேர் முன்னால்தான் வெளியே வந்தது. அதனால் தலைக்கணக்கு மறக்கவில்லை.

வலது பக்கக் கீழ்த்தாடை வீங்கி, கன்னத்துக்குள் ஒரு முழு பாவ் ரொட்டியை அடக்கிக்கொண்டவள் மாதிரி இருந்தேன். வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது.

"ஆன்ட்டி, இதுக்கு ஏதாச்சும் மருந்து சாப்ட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு கேப்சூல்" என்றேன்.

"அவ ரெண்டுன்னு சொன்னா ஒரு நாளைக்கு ரெண்டு, டாக்டர்" என்றார் என் கணவர். "புதன்கிழமையிலேர்ந்து முழுங்கிட்டு இருக்கா."

"யாரு எழுதிக் குடுத்தாங்க?"

நான் கூரை விளக்கைப் பார்த்தேன். கதவருகிலிருந்து பதில் வந்தது.

"அண்ணியேதான். எங்க புளோக்குக்கே அவங்கதான் டாக்டர். போன மாசம் எனக்குத் தொண்டை வலின்னு அவங்கதான் குடுத்தாங்க."

அந்த மலாய்ப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்திருந்தேன். அவள் முகமூடிக்கு மேலே கண்கள் சிரித்தன.

நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள். மாசாயில் ஃப்ளாட் வீடு, பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. எங்கள் ஆட்கள் எம்சி வேண்டுமென்றால் கம்பெனி கிளினிக்குக்குப் போவார்கள். விடுப்புச் சீட்டோடு ஒரு அட்டை ஆன்டிபயாடிக் கேப்சூலும் கிடைக்கும். இரண்டு நாளில் காய்ச்சல் நின்றதும் மிச்சத்தை யாரும் தொடமாட்டார்கள். எனக்கு அதைக் குப்பையில் போட மனம் வராது. பயந்த சுபாவம் உள்ளவளுக்கு மருந்து கையிருப்பில் இருப்பது பெரிய தெம்பு. அரை அட்டை, கால் அட்டை என்று கேட்டு வாங்கி, பிஸ்கட் டின்னில் போட்டு ஐஸ்பெட்டி மேல் வைத்திருந்தேன். கடைவாய்ப் பல் முணுக்கென்றால் இரண்டு போடுவேன். மறுநாளும் இரண்டு. வலி அடங்கியதும் நிறுத்திவிடுவேன், அடுத்த தடவைக்கு வேண்டுமே என்று. அதைச் சிக்கனம் என்றும் முன்ஜாக்கிரதை என்றும்தான் நினைத்தேன்.

"எத்தன தடவ இப்படிச் செஞ்சிருப்பீங்க?"

"நாலஞ்சு" என்றேன். கணவர் தொண்டையைச் செருமினார். "ஏழெட்டு" என்று திருத்தினேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் காதருகே உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு தடவையும் வீக்கான கிருமியக் கொன்னுட்டு, தாக்குப் பிடிச்சதுங்கள மட்டும் விட்டு வெச்சிருக்கீங்க ஆன்ட்டி. அதுங்க குடும்பம் பெருகியிருக்கும். இப்ப இந்த கேப்சூல அதுங்க மிட்டாய் மாதிரி பாக்குதுங்களோ என்னமோ. இன்னொண்ணு, வேர்ல சீழ் கட்டியிருக்கு. பல்ல எடுத்து அத வெளிய விடாம எந்த மருந்து போட்டாலும் பாதிதான் கேக்கும்."

"வேற மருந்து இருக்கா?" என்று நான் கேட்க நினைத்தேன். என் கணவர் கேட்டார்.

"இருக்கு. ஆனா இதுக்கு அடங்குமான்னு சோதிச்சாத்தான் தெரியும்."

ஊசி போட்டு, பல்லை எடுத்து, சீழை வெளியேற்றினார். எடுத்த சீழில் கொஞ்சம் ஒரு சின்னக் குழாயில் அடைத்தார். லேபுக்கு அனுப்பி, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்க ஐந்தாறு நாளாகும். அதுவரைக்கும் ஓர் ஊகத்தில் வேறொரு மருந்து. பிறகு சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து, என் தாடைக்குக் கீழே வீக்கம் முடிகிற இடத்தில் ஒரு கோடு போட்டார்.

"இந்தக் கோட்டத் தாண்டி வீக்கம் எறங்குச்சுன்னா, இல்ல முழுங்க முடியல, மூச்சு விட முடியலன்னா, எனக்கு போன் பண்ணிட்டு உக்காந்திருக்காதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிடுங்க. கழுத்துக்குள்ள எறங்குனா உயிருக்கே ஆபத்து."

நாத்தனார் காரைக் கிளப்பினாள். நானே உண்டாக்கிய கிருமி, நானே சோறு போட்டு வளர்த்த கிருமி, ஒரு பேனாக் கோட்டுக்கு மேலே உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை மேசைமேல் நிறுத்தினேன். என் கணவர் லாரி ஓட்டுகிறவர். மணிக்கொரு தடவை போனில் படம் எடுக்கச் சம்மதித்தார். நான் பத்து நிமிடத்துக்கொரு தடவை கூப்பிட்டேன்.

"ஏன்டி, இது என்ன பாசிர் கூடாங் ஹைவேயா, ஜாம் நகருதான்னு பாத்துக்கிட்டே இருக்க?"

"நீங்க நல்லாப் பாக்கல. வெளிச்சத்துல வந்து பாருங்க."

"வெளிச்சத்துலதான் நிக்கிறேன்."

நாத்தனார் தன் வீட்டுக்குப் போகாமல் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். "அண்ணி, தடவித் தடவிக் கோட்ட அழிச்சிடாதீங்க. அப்புறம் எங்க நிக்கணும்னு அந்த வீக்கத்துக்கே தெரியாமப் போயிடும்."

முழுங்க முடிகிறதா என்று சோதிக்கத் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தேன். வேண்டுமென்றே முழுங்கிப் பாருங்கள், பத்தாவது தடவை தொண்டை தானாக அடைத்துக்கொள்ளும். "முழுங்க முடியல" என்று எழுந்து நின்றேன். நாத்தனார் கஞ்சிக் கிண்ணத்தை என் கையில் திணித்தாள். கோபத்தில் பாதிக் கிண்ணம் குடித்துவிட்டேன். பிறகுதான் இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"முழுங்க முடியலயாம்" என்றார் என் கணவர்.

மறுநாள் ஞாயிறு. காலையில் எழுந்ததும் கண்ணாடியைப் பார்த்தேன். கோடு நேற்று இருந்த இடத்தில் இல்லை. தாடையிலிருந்து விலகி, கழுத்தை நோக்கி இறங்கியிருந்தது.

"ஏங்க, கோடு கீழ போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன். பையில் சேலையெல்லாம் எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். போனில் நேற்றைய படத்தை எடுத்து என் கன்னத்தருகே வைத்துப் பார்த்தார்.

"பேனாக் கோடு எப்படிடி நடக்கும்? கோடு அங்கயேதான் இருக்கு. வீக்கம்தான் மேல போயிடுச்சு."

கோட்டுக்கும் வீக்கத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அந்த இடத்தில் தோல் லேசாகச் சுருங்கியிருந்தது, காற்று போன பலூன் மாதிரி. நான் கட்டிலில் உட்கார்ந்தேன். பையிலிருந்த சேலைகளை நாத்தனார் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் அலமாரியில் வைத்தாள். "நல்ல சேலையா பாத்துத்தான் எடுத்திருக்கீங்க எமர்ஜென்சிக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை லேப் முடிவு வந்தது; கணவரோடு போனேன். டாக்டர் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினார். நான் டின்னில் சேர்த்துவைத்த அந்தக் கேப்சூலுக்கு என் கிருமி அடங்கவில்லை. ஊகத்தில் கொடுத்த மருந்துக்கு அடங்கியிருந்தது. அதற்கு எதிரில் 'அடங்கும்' என்பதற்காகப் போட்டிருந்த ஒற்றை எழுத்தை நான் மூன்று தடவை பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நல்ல சேதிதானே லா ஆன்ட்டி, இதுக்கு ஏன் அழுவுறீங்க?"

"இந்தக் கிருமி வாயிலயே இருந்துருமா டாக்டர்? இவங்களுக்கும் ஒட்டிக்குமா?"

"வாய்னா கணக்கில்லாம கிருமி இருக்கும், பாதி நமக்கு நல்லது செய்யறதுங்க. ஒரே வீட்ல எச்சில் வழியா கொஞ்சம் போகும், வரும். தேவையில்லாம மருந்து போடாம விட்டீங்கன்னா, இந்த அடங்காததுங்களுக்கு அங்க பெரிய மரியாதை இருக்காது. மத்ததுங்க எடத்தப் புடிச்சிக்கும். உறுதியா சொல்ல மாட்டேன். ஆனா அப்படித்தான் நடக்கும்னு நம்பலாம். அடுத்த தடவ எந்த டாக்டர்கிட்ட போனாலும் இந்தப் பேப்பரக் காட்டுங்க."

புது மருந்தை எத்தனை நாளைக்கு எழுதினாரோ அத்தனை நாளும் முடித்தேன். கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டுக் காலி அட்டையைக் கணவரிடம் காட்டினேன், பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் காட்டுவது போல. டின்னை நாத்தனாரே அரசாங்க ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். புளோக்கில் யாராவது கேப்சூல் கேட்டு வந்தால் இப்போது வாயைத் திறந்து பல் போன ஓட்டையைக் காட்டுகிறேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

பிடுங்கிய பல்லுக்குப் பக்கத்துப் பல்லும் சொத்தையாம். அதையும் விட்டுவைத்தால் மறுபடியும் மருந்தில் போய் நிற்கும் என்று டாக்டர் வேர் சிகிச்சை ஆரம்பித்திருக்கிறார். இரண்டு தடவை போய்விட்டேன், இன்னும் ஒரு தடவை இருக்கிறது. லேப் செலவையும் சேர்த்து, சம்பளத்துக்குச் சம்பளம் கட்டினால் போதும் என்றார். கடன் என்றால் சோறு இறங்காத ஆள் நான். இந்தக் கடனோடு நன்றாகவே சாப்பிடுகிறேன், அதுவும் இரண்டு பக்கமும் மென்று. போன மாதச் சம்பளத்தில் கட்டியது போக, கிளினிக்குக்கு இன்னும் முந்நூற்று நாற்பது வெள்ளி பாக்கி.