லேபிளை மறைத்த காகிதம்

உறையிலிருந்து இசைத்தட்டை எடுத்ததும் பழைய மைதாப் பசை வாசனை வந்தது. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸும் அம்மாவும் கூடவே நினைவில் வந்தார்கள்.

அம்மா அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட்; காலனி நடனங்களில் இசைத்தட்டு போடுகிறவளும்கூட. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசைத்தட்டுகளைக் பழைய சாமான் விற்கும் கபாடிக் கடைகளில் தேடிப் பிடிப்பாள். அரிய தட்டு கிடைத்தால், பழுப்புக் கவரை வட்டமாக வெட்டி லேபிள்மேல் ஒட்டிவிடுவாள். பேர் தெரிந்தால், காலனி நடனங்களில் தட்டு போடும் மற்றவர்களும் தேடி வாங்கிவிடுவார்கள்.

அப்படித் தட்டு போடுகிற மாடி வீட்டு மாமா ஒரு ஞாயிறு மத்தியானம், அம்மா இந்தத் தட்டைப் போட்டு ஆடிக்கொண்டிருந்தபோது இறங்கி வந்தார். "அச்சா பாட்டும்மா. பேரென்ன?"

"போடறவளுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றாள் அம்மா, ஆட்டத்தை நிறுத்தாமலே. எனக்கும் பேரைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இன்று கரோல் பாக் ஹாலில் தட்டு போடுகிறவள் நான். மேஜையருகே ஒரு சேகரிப்பாளர் நின்றார்.

"மேடம், அந்தக் காகிதத்தைக் கிழிச்சிடுங்க. பேர் தெரிஞ்சாத்தானே என்ன மதிப்புன்னு சொல்ல முடியும்?"

"நீங்க ஆடுவீங்களா?"

"இல்ல, நான் வாங்கறதோட சரி."

"அப்போ தள்ளி நில்லுங்க. ஆடறவங்க சொல்வாங்க" என்று ஊசியை வைத்தேன்.