வீட்டுக்குள் வந்த குழாய்

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்குக் குடிநீர்க் குழாய் வந்தது. சும்மா வரவில்லை. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த நான் ஆங்கிலத்தில் பதினோரு மனு எழுதி வரவழைத்தேன். நான் எழுதியவற்றில் பயன் தந்தவை அந்த மனுக்கள் மட்டும்தான்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அறுபது தாண்டியும் அம்மா மூன்று தெரு தள்ளியிருந்த பொதுக்குழாய்க்கு விடியலில் ஆறு நடை நடப்பாள். இடுப்பில் குடம், கையில் வாளி. குழாயடி வரிசைக்கும் அவள்தான் பொறுப்பு. நாற்பது குடம் கிடந்தாலும் எது யாருடையது, எதற்குப் பின் எது என்பது அவள் தலைக்குள் இருக்கும். யாராவது குடத்தை நகர்த்தினால், "ஏளா, யார ஏமாத்துத? பின்னால போ" என்பாள். மறுபேச்சு கிடையாது.

பேண்ட் போட்டு ஆபீஸ் போகிறவனின் தாய் தெருவில் குடம் சுமப்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. அம்மாவின் இடுப்பு வலிக்காக என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். அம்மாவுக்கு இடுப்பு வலியே இருந்ததில்லை.

குழாய்க்குச் சந்தனம் பூசி, பூச்சுற்றி, திறந்து காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "தண்ணி வீட்டுக்குள்ளயே வந்துட்டா, நான் எங்கலே போவேன்?" என்றாள்.

விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது ஒரு வாரப் பத்திரிகைக்கு நகைச்சுவைத் துணுக்குகள் எழுதிவந்தேன். இதையும் அனுப்பினேன். போட்டார்கள்.

அதன் பிறகு அம்மா உட்கார்ந்தாள். எங்கும் போகவில்லை. யாரோடும் சண்டையில்லை. ஒன்றரை வருஷத்தில் குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட ஆரம்பித்தாள். உப்புக்குப் பஞ்சமில்லாத ஊர் என்று அதையும் வேடிக்கையாக்கினேன். ஒருநாள் கையில் செம்போடு குழாய் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்படித் திறப்பதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்து, அடுத்தவர் வீட்டில் பிடிபட்டவள் மாதிரி சிரித்தாள். அன்று எனக்குத் துணுக்கு எதுவும் தோன்றவில்லை.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் கேட்டார்: "அம்மா வீட்டுல என்ன செய்யுறாங்க?"

"சமையல் தவிர ஒண்ணும் செய்ய விடுறதில்ல சார். ராணி மாதிரி உக்காந்திருக்காங்க."

"முன்னால?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"நடக்க வைங்க தம்பி. நாலு பேரோட பேச வைங்க. உடம்பு ஓடுறவரைக்கும் புத்தியும் கூடக் கொஞ்ச நாள் ஓடும். போனதெல்லாம் திரும்பாது. இருக்கது மெதுவாப் போனா நல்லதுதான?"

குழாயால் வந்ததா என்று கேட்டேன். "அது இல்லாமலும் வந்திருக்கலாம்" என்றார். நல்ல மனிதர்.

மறுநாள் வீட்டுக் குழாயின் வால்வை அடைத்துவிட்டு, ஒரு கையில் குடமும் மறு கையில் அம்மாவுமாகப் பொதுக்குழாய்க்குப் போனேன்.

"என்ன அண்ணாச்சி, தண்ணி எடுக்கவும் ஆபீசுல சொல்லிட்டாகளா?" என்றாள், உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற ஒருத்தி. குழாயடி முழுக்கச் சிரித்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அம்மாவுக்கு அங்கே ஒருத்தியையும் அடையாளம் தெரியவில்லை.

உப்பளக்காரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் போய், கடைசியில் கிடந்த தன் குடத்தைத் தூக்கி எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தாள்.

"பெரியம்மா, நான் முந்திட்டேன். கேக்க மாட்டியளா?"

அம்மா கேட்கவில்லை. உப்பளக்காரியே குடத்தைத் திரும்பக் கடைசிக்கு எடுத்துப் போய், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தினமும் போனோம். நாலைந்து மாதத்தில் அம்மாவின் கால் தேறியது. ராத்திரி தூங்கினாள். அரைக்குடம் தண்ணீரை என் கையிலிருந்து பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். உப்பளக்காரியும் தினமும் முந்தினாள், தினமும் அதையே கேட்டாள். மற்றவர்கள் யாரும் அவளைத் தடுக்கவில்லை.

ஒருநாள் அம்மா அந்தக் குடத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏளா, பின்னால போ."

 உப்பளக்காரி குடத்தைத் தூக்கிக்கொண்டு கடைசிக்கு ஓடினாள். அவள் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. "பெரியம்மா என்னைய ஏசிட்டாக" என்று வெறுங்குடத்தோடு தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே போனாள்.

மறுநாளும் முந்தினாள். அம்மா தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மறுநாளும் அப்படித்தான். அம்மாவின் கால் ஓயும்வரை, இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல், நாங்கள் மூன்று பேரும் விடாமல் போனோம். அந்தச் சொல் இன்னொரு தரம் வரவேயில்லை.