அம்மாவின் சீனி

அம்மாவின் இடது பாதத்தின் அடியில் ஒரு புண். வெங்காயத் தோட்டத்தில் எதையோ மிதித்திருக்கிறார். எப்போதென்று அவருக்கே தெரியாது. சீனி வருத்தத்தால் கால் விறைத்துப் போயிருந்தது. குசினித் தரையில் பட்டிருந்த இரத்தக் கறையைப் பார்த்துத்தான் நானும் கண்டுபிடித்தேன். பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிவிட்டு, கெதியாகப் பெரிய டொக்டரிடம் காட்டச் சொன்னார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அம்மாவின் கிளினிக் திகதி மார்கழியில். அதற்கு முதல் காட்டுவதென்றால் தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணி, நம்பர் எடுக்கவேண்டும். சீனி வருத்தத்துக்கான டொக்டர் கொழும்பிலிருந்து ஞாயிறுகளில் வருவார். அவருக்கான நம்பரைத் திங்கட்கிழமை காலையில் போனில் கொடுப்பார்கள். வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் போன் எடுப்பேன், திரும்பத் திரும்ப எடுப்பேன். லைன் கிடைக்கும்போது ஒரு பிள்ளை களைத்த குரலில் சொல்லும்:

“நம்பர் முடிஞ்சுது அண்ணை. வாற திங்கள் எடுங்கோ.”

“இப்பத்தானே தங்கச்சி தொடங்கினது?”

“ஓம் அண்ணை. இப்பத்தான் முடிஞ்சதும்.”

எங்கள் வீட்டில் கம்பஸ் வரை போனவன் நான் ஒருவன்தான். படித்தவன் போன் எடுத்தால் மற்றப் பக்கத்தில் இருப்பவர்கள் எழும்பி நிற்பார்கள் என்பது அம்மாவின் எண்ணம்.

“டிகிரி முடிச்சனான் எண்டு சொன்னியோ?”

“அதை ஏன் அம்மா அந்தப் பிள்ளைக்குச் சொல்லுவான்?”

“சொன்னால் தேஞ்சு போவியோ? இவ்வளவு படிச்சும் ஒரு நம்பர் எடுக்கத் தெரியேல்லை.”

அடுத்தடுத்த திங்களும் இப்படியே போய், ஒருநாள் நம்பர் கிடைத்தது. அன்றிலிருந்து அம்மா சோற்றைத் தொடவில்லை. இரவில் கொஞ்சம் குரக்கன் பிட்டு, காலையில் பாவற்காய்ச் சாறு, வெறும் தேத்தண்ணி. பயத்தில் திருந்திவிட்டார் என்று எனக்குச் சந்தோசம். வெள்ளிக்கிழமை எடுத்த இரத்தப் பரிசோதனையில் சீனி அளவாக இருந்தது.

ஞாயிறு டொக்டர் வரப் பிந்தியது. காத்திருக்கும் வாங்கில் பக்கத்தில் இருந்த ஒரு மனுசி அம்மாவின் ரிப்போட்டை எட்டிப் பார்த்தார்.

“அக்காவுக்கு நல்லாக் காட்டியிருக்கு. எப்பிடி?”

“ஒரு கிழமையா வயித்தைக் கட்டிப்போட்டன் பிள்ளை. கூடக் காட்டினால் ஏசுவரெல்லே.”

“நானும்தான். அவர் பாத்து அனுப்பினாப் பிறகு, இண்டைக்குப் பின்னேரம் பாருங்கோ, ஒரு கொத்துரொட்டி!”

சோதனைக்கு விழுந்து விழுந்து படித்துவிட்டு வந்த பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. இத்தனை திங்கட்கிழமைகள் அலைந்தது இந்தப் பொய்க் கணக்கைக் காட்டவா?

உள்ளே டொக்டர் ரிப்போட்டைப் பார்த்தார். “நல்லா வைச்சிருக்கிறீங்கள் அம்மா. இதே மருந்தைப் போட்டுக்கொண்டு ஆறு மாதத்தால வாங்கோ.”

“ஓம் ஐயா” என்று அம்மா உடனே எழும்பினார். காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்குச் சீனியால் முழங்காலோடு காலை எடுத்தவர்கள். தன் காலையும் கேட்டுவிடுவார்கள் என்ற பயத்தில்தான் அம்மா பட்டினி கிடந்திருக்கிறார்.

“டொக்டர், அம்மாவின்ரை காலில புண் இருக்கு. கிழமைக்கணக்கா ஆறேல்லை. இந்த ரிப்போட்டும் நாலைஞ்சு நாள் வயித்தைக் கட்டி எடுத்தது.”

“அவன் விசரன் ஐயா. சின்னக் காயம்.”

டொக்டர் செருப்பைக் கழற்றச் சொன்னார். குனிந்து பார்த்தவர் நிமிர நேரமெடுத்தது.

“மூண்டு மாதச் சீனியைக் காட்டுற பரிசோதனை ஒண்டு இருக்கு அம்மா. அதைப் பட்டினி கிடந்து ஏமாத்தேலாது. அதையும் எடுங்கோ. காலைக் கெதியாச் சேர்ஜனுக்குக் காட்டுங்கோ. வெறுங்காலோட நடக்கப்படாது.”

“காலை எடுக்கோணுமோ ஐயா?”

“இப்ப காட்டினால் தேவைப்படாது எண்டு நினைக்கிறன். பிந்தினால் நான் சொல்லேலாது.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா சோறு வடித்தார். எனக்கும் போட்டார், முகத்தைப் பார்க்காமல்.

திங்கள் காலை திரும்பவும் போனோடு, வீட்டு வாசலிலேயே நின்றேன். அதே பிள்ளை. “சேர்ஜனுக்கு வாற சனிக்கிழமை காலமை ஒரு நம்பர் இருக்கு அண்ணை. வேணுமோ?”

பின்னால் நின்ற அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. “சனி ஏலாது. கடைசிப் புரட்டாசிச் சனி. கோயிலில சனிபகவானுக்கு எள்ளெண்ணெய் எரிக்கோணும்.”

“தாங்கோ தங்கச்சி” என்றேன்.

அம்மா தன் காலைப் பார்த்தார். கோயிலுக்குள் செருப்போடு போகமுடியாது. காலைப் பார்த்தார்.

“அப்ப நீ வெள்ளென எழும்பிப் போய் எரிச்சுப்போட்டு வா. தலைக்குத் தோயாமல் போயிடாதை.”

“ஓம்” என்றேன்.